மூக்குக்குப் பின்னால் பழைய விசிறி

டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வண்டிகளில் கம்பெனி விசிறியைக் கழற்றி, மின்விசிறி மாட்டியவர்கள் உண்டு. சத்தம் குறையும், டீசல் மிச்சமாகும் என்று கணக்கு. பாரம் இழுத்து மேடேறும்போதுதான் டெம்பரேச்சர் முள் எகிறும்.

பழையது வெறும் இறக்கையல்ல. நடுவிலுள்ள கிளட்சுக்குள் சிலிகோன் எண்ணெய். முகப்பில் ஈருலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்று சுட்டால், சுருள் நெளிந்து வால்வைத் திறக்கும். எண்ணெய் பாய்ந்து, அதுவரை வழுக்கிக்கொண்டிருந்த விசிறியை எஞ்சினோடு சேர்த்து இழுக்கும். ஒயர் இல்லை, ரிலே இல்லை. எவ்வளவு அடக்கமான மூளை!

திரும்பப் பொருத்த விசிறி மட்டும் போதாது. அதைச் சுற்றியிருந்து, தூக்கியெறிந்த பிளாஸ்டிக் கூண்டும் வேண்டும். இல்லையேல் ரேடியேட்டர் வழியே வரவேண்டிய காற்றுக்குப் பதில், பக்கத்துச் சூட்டையே விசிறி உறிஞ்சும்.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றினால் மெல்லிய பிடிமானம் தெரியவேண்டும். தங்குதடையின்றிச் சுற்றினால், எண்ணெய் கசிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியதுதான்.