மரவாழ் நூற்புழுக்களை இனங்காணுதல்: உடற்கூறும் டி.என்.ஏ. வரிசையும் – ஒரு திறனாய்வு

நூற்புழுக்களை நுண்ணோக்கியில் அளந்து இனங்காண்பது பழைய முறை, டி.என்.ஏ. வரிசையைக் கொண்டு இனங்காண்பது புதிய முறை, பின்னது முன்னதைத் தேவையற்றதாக்கிவிட்டது என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. மரத்திற்குள் வாழும் நூற்புழுக்களின் வகைப்பாட்டு வரலாறு இவ்வெண்ணத்திற்கு இடந்தருவதாக இல்லை. எந்த டி.என்.ஏ. வரிசையும் தானாக ஒரு பெயரைச் சொல்வதில்லை. யாரோ ஒருவர் உடற்கூறு பார்த்துப் பெயரிட்ட புழுவிலிருந்தே அது பெயரைக் கடன் பெறுகிறது. மூலச் சுவடியைக் காணாமல் அச்சுப்பிரதிகளை மட்டும் ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிக்கும் பதிப்பாசிரியரின் இடர்ப்பாடு இங்கும் உண்டு.

இதற்குத் தக்க சான்று ஜப்பானின் பைன் வாடல் நோய். நாகசாகிப் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பைன் மரங்கள் கூட்டமாக மடிந்தன. பல ஆண்டுகள் பழி வண்டுகள் மேல் விழுந்தது. 1971-இல் கியோஹாராவும் தொக்குஷிகேவும் மரங்களில் நூற்புழுவைச் செலுத்தி, நோய்க்காரணி அதுவே என நிறுவினர். மறு ஆண்டு மாமியாவும் கியோஹாராவும் அதற்குப் புர்சாஃபெலென்கஸ் லிக்னிகோலஸ் எனப் பெயரிட்டனர். ஆனால் 1934-இலேயே அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பைன் கட்டைகளிலிருந்து ஸ்டைனரும் பூரரும் ஒரு புழுவை விவரித்து, அஃபெலென்காய்டஸ் சைலோஃபைலஸ் என்று பெயர் சூட்டியிருந்தனர். 1970-இல் நிக்கிள் அதனைப் புர்சாஃபெலென்கஸ் பேரினத்திற்கு மாற்றியிருந்தார். 1979-இல் மிசூரி மாநிலத்தில் பைன் வாடல் நோய் கண்டறியப்பட்ட பின்னரே இரு பெயர்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. 1981-இல் நிக்கிளும் மாமியா உள்ளிட்ட பிறரும் இரண்டும் ஒரே இனமென முடிவுசெய்ய, முந்தைய பெயரே நிலைத்தது. லிக்னிகோலஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு மரத்தில் வாழ்வது என்றும், சைலோஃபைலஸ் என்ற கிரேக்கவழிச் சொல்லுக்கு மரத்தை விரும்புவது என்றும் பொருள். ஏறத்தாழ ஒரே பொருளுடைய இரு பெயர்களை ஒரே புழு சுமந்திருக்கிறது.

இச்சிக்கல் அவிழ்ந்தது உடற்கூற்று ஒப்பீட்டால் என்பது கருதத்தக்கது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இப்புழுவில், பெண்ணின் பிறப்புத்துளையை மூடும் மடல், ஆணின் புணர்ச்சி முட்களின் நுனியில் உள்ள தட்டுப் போன்ற தடிப்பு, உடலின் பக்கவாட்டில் ஓடும் நான்கு கோடுகள் ஆகியவை இனக்குழுவைக் காட்டுகின்றன. குழுவிற்குள் இனத்தைப் பிரிப்பதில்தான் இடர் தொடங்குகிறது. மாமியாவும் எண்டாவும் 1979-இல் விவரித்த புர்சாஃபெலென்கஸ் முக்ரோனேட்டஸ், நோய்க்காரணியை உரித்து வைத்தது போன்றது. பெண்ணின் வால் நுனியில் ஏறத்தாழ 3 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு முனை இருப்பதே முதன்மை வேறுபாடு. சைலோஃபைலஸின் வாலோ பொதுவாக மழுங்கியது. பொதுவாக என்ற அச்சொல்லில்தான் ஆபத்து இருந்தது. வட அமெரிக்காவில் பால்சம் ஃபர் மரங்களிலிருந்து கிடைத்த சைலோஃபைலஸ் புழுக்களுக்கும் வாலில் முனை இருந்தது. வாலை மட்டும் பார்த்தவர் கொடிய நோய்க்காரணியைத் தீங்கு குறைந்த உறவினப் புழுவாக எண்ணிக் கடந்துவிடக்கூடும்.

டி.என்.ஏ. முறையின் உண்மையான பங்களிப்பு இந்த இடத்தில்தான் வருகிறது. ஐ.டி.எஸ். பகுதியைப் பெருக்கி, ஐந்து வெட்டு நொதிகளால் துண்டாக்கி, துண்டுகளின் நீள அமைப்பைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையைப் பர்கர்மைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் இப்பேரினத்திற்கு வகுத்தனர். வாலில் முனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சைலோஃபைலஸ் தனித்து நிற்கிறது. மோனோகாமஸ் வண்டின் மூச்சுக்குழல்களில் பயணம் செய்யும் நான்காம் நிலை இளம்புழுவுக்கு இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்திருப்பதில்லை. வாயில் குத்தூசியும் இல்லை. அந்நிலையில் உடற்கூறு கைவிரித்துவிடுகிறது, டி.என்.ஏ. பேசுகிறது.

சொல்லாட்சி பற்றிய ஒரு குறையும் இவ்விடத்தில் சுட்டத்தக்கது. ஐ.டி.எஸ். என்பது ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி. அது மரபணு அன்று. டி.என்.ஏ., மரபணு, முழு மரபணுத்தொகை ஆகிய மூன்றையும் மரபணு என்ற ஒரே சொல்லால் குறிக்கும் தமிழ் வழக்கில், மரபணுச் சோதனை செய்யப்பட்டது என்ற தொடர் எதைச் சோதித்தது என்பதையே மறைத்துவிடுகிறது. பள்ளிப் பாடநூல் உருளைப்புழு என்பதும் வேளாண் நூல் நூற்புழு என்பதும்கூட இவ்வளவு குழப்பம் விளைப்பதில்லை.

இவ்விவாதம் பைன் நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. மதுரைச் செல்லூரிலிருந்து வைகையின் கரையோடு மேற்கே சோழவந்தான் செல்பவர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் தென்னந்தோப்புகளையும் காண்பார். கொடிக்கால் உழவருக்கு வேர்முடிச்சு நூற்புழு பழகிய பகை. தென்னையின் தண்டிற்குள் வாழும் நூற்புழுவுக்கோ இங்கு வழக்குச்சொல் இல்லை. அந்நோய் இந்தியாவில் இல்லாததே காரணம். கரீபியன் தீவுகளிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் தண்டின் குறுக்குவெட்டில் சிவப்பு வளையமாகத் தெரியும் அந்நோயின் புழுவை 1919-இல் காப் விவரித்தார். மிக மெலிந்த அதன் உடலைக் கருதி 1960-இல் குடே தனிப் பேரினம் வகுத்தார். 1989-இல் போஜார் அதனைப் புர்சாஃபெலென்கஸுக்குள் கொணர்ந்தார். அதனைச் சுமக்கும் கூன்வண்டு ரைங்கோஃபோரஸ் பால்மாரம். அதே பேரினத்தைச் சேர்ந்த சிவப்புக் கூன்வண்டு தமிழகத் தென்னைகளைத் துளைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அக்கூன்வண்டிலிருந்து பிரிகோசிலென்கஸ் ஃபெருஜினோஃபோரஸ் என்ற நூற்புழுவை ராவும் ரெட்டியும் 1980-இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்தனர். சிவப்பு வளையப் புழுவும் இதுவும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நாளை ஒரு கூன்வண்டின் உடலில் இளம்புழு ஒன்று கிடைத்தால், அது உள்ளூர்ப் புழுவா, வந்தேறிய நோய்க்காரணியா என்ற கேள்விக்குத் தோப்புகளின் கதி கட்டுப்பட்டிருக்கும். உள்ளூர் இனங்களின் வரிசைகள், உடற்கூறு பார்த்து உறுதிசெய்யப்பட்ட புழுக்களிலிருந்து பெறப்பட்டு வைப்பகங்களில் இல்லையெனில், கணினி மிக நெருங்கிய அயல் பெயரையே விடையாகத் தரும். அவ்விடை தவறென்று காட்டவும் கையில் ஏதும் இராது.

உள்ளூர்ப் பெயர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கோயம்புத்தூர்ச் சான்று உண்டு. கரும்பின் நுனிக்குருத்துத் துளைப்பானிலிருந்து கிடைத்த, பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுவைப் பாய்னர், கருணாகர், டேவிட் ஆகியோர் 1992-இல் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகஸ் என விவரித்தனர். இலக்கணப் பால் பொருத்தம் கருதிப் பின்னர் இண்டிகா ஆயிற்று. இது மரவாழ் புழுவன்று; ஆயினும் இங்குப் பொருந்தும். 1994-இல் ஹவாயிலிருந்து தனியினமாக விவரிக்கப்பட்ட ஹவாயென்சிஸ் பின்னர் இதனுள் அடங்கியது. கோயம்புத்தூர் விவரிப்பு முழுமையாக இருந்ததால்தான் அவ்வொப்பீடு கூடிற்று.

டி.என்.ஏ. முறைக்கு மற்றொரு எல்லையும் உண்டு. பன்னாட்டு விதிப்படி மரப்பெட்டிகளும் மரத்தட்டுகளும் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்படுகின்றன. புழு மடிந்த பின்னும் அதன் டி.என்.ஏ. மரத்தில் எஞ்சும். சோதனைக்கு உயிருள்ளதும் இறந்ததும் ஒன்றே. துறைமுகத்தில் அம்முடிவை மட்டும் கொண்டு சரக்கை நிறுத்துவது, பிணத்தைக் கைதுசெய்வது போன்றது. மரச்சீவல்களை நீரிலிட்டு ஊர்ந்து வெளிவரும் புழுவைப் பிடிக்கும் பழைய பேர்மன் புனலே அங்கு முதலில் தேவைப்படுகிறது.

பழைய வகைமாதிரிகள் பெரும்பாலும் ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டுக் கண்ணாடிச் சில்லுகளில் உள்ளன. ஃபார்மலின் உருவத்தைக் காத்து டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது, ஆல்கஹாலோ டி.என்.ஏ.வைக் காத்து உடலைச் சுருக்குகிறது. டைமெத்தில் சல்ஃபாக்சைடு, இ.டி.டி.ஏ., உப்பு சேர்ந்த கரைசல் இரண்டையும் ஒருசேரக் காக்கும் என்பது 2006 முதல் அறியப்பட்டது. அக்கரைசலில் இட்ட ஒரு புழுவை முதலில் படமெடுத்து அளந்து, பின்னர் அதே புழுவின் வரிசையைப் பெறலாம். மதுரைச் சமவெளியின் தோப்புகளில் விழுந்து கிடக்கும் ஒவ்வொரு கூன்வண்டும் இவ்வேலைக்குரிய மூலப்பொருளே.