ஆள் இல்லாத ஆல்பம்

மைக்கேல் ஜாக்ஸன் பிறந்த ஊர் எது தெரியுமா? கேரி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் வீடு இருந்தது ஜாக்ஸன் தெருவில். 'அட, தெருவுக்கே பேர் வைத்துவிட்டார்களா!' என்று அவசரப்படாதீர்கள். அது ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்ற பழைய ஜனாதிபதியின் பேர். மைக்கேல் பிறந்தது 1958-ல். தெரு அதற்கு ரொம்ப முந்தியது. அப்பா இரும்பாலையில் கிரேன் ஓட்டியவர். அந்த வட்டாரத்தில் வேறு என்ன வேலை செய்திருக்க முடியும்?

கேரி தானாக வளர்ந்த ஊர் அல்ல, 1906-ல் யு.எஸ். ஸ்டீல் கம்பெனி ஆர்டர் கொடுத்துச் செய்த ஊர். கம்பெனித் தலைவர் எல்பர்ட் கேரியின் பேரையே அதற்கு வைத்தார்கள். மனிதர் அங்கே ஒருநாளும் குடியிருந்ததில்லை என்பது வேறு விஷயம். ஆலையும் ஊரும் எழும்பியதைக் கம்பெனி விடாமல் போட்டோ எடுத்து வைத்தது. 2,200-க்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் இப்போது கேரியில் உள்ள பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். சுலபத்தில் எழுந்திருக்க மாட்டீர்கள்.

முதலில் மணல். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்மேடு, புதர், கூடாரங்கள். பிறகு குதிரைகள் மணலை இழுக்கின்றன, நீராவி எந்திரங்கள் அள்ளிக் கொட்டுகின்றன. கிராண்ட் காலுமெட் என்ற ஆறு குறுக்கே வந்ததால், ஆற்றையே தள்ளி வைத்தார்கள். ரயில் பாதைகளுக்கும் அதே கதிதான். அப்புறம் அஸ்திவாரம், இரும்புச் சட்டங்கள், ஊது உலைகள், புகைபோக்கிகள். ஆலை வாசலில் தொடங்கித் தெற்கே நேராக ஓடும் 'பிராட்வே' என்ற வீதி. மூன்றே வருஷம், 1909-ல் உருக்கு வார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

படங்களைக் குறை சொல்ல முடியாது. அழகு பண்ணும் உத்தேசம் இல்லாமல் எடுத்த படங்களுக்கு ஓர் அழகு உண்டே, அது இவற்றில் இருக்கிறது. கோணம் தேடவில்லை; மேகத்துக்குக் காத்திருக்கவில்லை. கொடுத்த பணத்துக்கு வேலை நடக்கிறதா என்று முதலாளிக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அதனாலேயே ஒவ்வொரு ஆணியும் துல்லியமாகத் தெரிகிறது.

ஆனால், நாலைந்து டஜன் பார்த்ததும் ஒன்று உறுத்த ஆரம்பிக்கிறது. படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், இல்லாமலும் இருக்கிறார்கள். பிரமாண்டமான உலை ஒன்று, அடியில் தொப்பி போட்ட ஓர் ஆள். அவர் எதற்கு? உலை எத்தனை பெரிசு என்று காட்ட. மரத்தின் உயரம் தெரியப் பக்கத்தில் ஒரு கழியை நட்டு வைப்போமே, அந்த மாதிரி மனிதனை நட்டு வைத்திருக்கிறார்கள். குறிப்பில் உலையின் பேர் இருக்கும், தேதி இருக்கும். ஆளின் பேரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

'கம்பெனி போட்டோ அப்படித்தான் சார் இருக்கும்' என்பீர்கள். வாஸ்தவம். நம் வீட்டு கிரகப்பிரவேச ஆல்பத்தில் கொத்தனாரும் சித்தாளும் இருக்கிறார்களா என்ன? ஆனால், அதே வருஷங்களில், அதே தொழிலில், வேறு மாதிரியும் ஒருத்தர் படம் எடுத்தார். லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர். 1907-08-ல் பிட்ஸ்பர்க் நகரத் தொழிலாளர் வாழ்க்கையை ஆராய்ந்த குழுவுக்காக, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த உருக்காலைத் தொழிலாளிகளைப் படம் பிடித்தார். அவர் படத்தில் உலை பின்னால் போய்விடும். முகம் முன்னால் வரும். கரி படிந்த அந்தக் கண்கள் நம்மை நேராகப் பார்க்கும். காமிராவை எங்கே வைப்பது என்பது சாமர்த்தியம் சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. யார் பக்கம் நிற்கிறோம் என்பதும்தான்.

இரண்டாவது உறுத்தல், அந்த மணல். 'ஒன்றுமே இல்லாத இடத்தில் ஊரை உண்டாக்கினோம்' என்று அந்த ஆரம்பப் படங்கள் சொல்லாமல் சொல்கின்றன. ஒன்றுமே இல்லையா? அந்தப் பிரதேசம் பொடாவாடமி என்ற பூர்வகுடிகளின் மண். 1830-களில் அவர்களில் பெரும்பாலோரைத் துரத்திவிட்டார்கள். அந்த ஏரிக்கரை மணல்மேடுகளில் அலைந்துதான் ஹென்றி கௌல்ஸ் என்ற தாவரவியல் அறிஞர், வெற்று மணலில் புல் எப்படி வருகிறது, புல் எப்படிக் காடாகிறது என்று 1899-ல் எழுதினார். அமெரிக்காவில் சூழலியல் படிப்புக்கு அது பிள்ளையார் சுழி. பின்னாளில் கேரியோடு சேர்ந்துவிட்ட மில்லர் பகுதியில், 1896-ல் ஆக்டேவ் ஷனூட் என்பவர் எந்திரமில்லாத கிளைடர்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார். ரைட் சகோதரர்கள் கடிதம் எழுதி யோசனை கேட்ட அதே ஷனூட். காலி மணலாம்!

மூன்றாவது, ஊரின் தெற்குப் பக்கம். கம்பெனி திட்டம் போட்டது வடக்கே, ஆலையை ஒட்டிய பகுதிக்கு. வாடகையோ தவணையோ கட்ட வசதி இல்லாத கிழக்கு ஐரோப்பியர்களும் கறுப்பர்களும் ரயில் பாதைக்குத் தெற்கே, தகரக் கொட்டகைகளிலும் நெரிசலான அறைகளிலும் முடங்கினார்கள். அந்த இடத்தை 'பேட்ச்', அதாவது ஒட்டுத் துணி, என்றே அழைத்தார்கள். உலை எழுந்த கதையை நாள்வாரியாகப் பார்க்கலாம். பேட்ச் எழுந்த கதைக்கு அப்படி ஓர் ஆல்பம் கிடையாது.

விளைவு? 1919 செப்டம்பரில் அமெரிக்கா முழுக்க உருக்குத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேரிக்கு ராணுவமே வந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. 12 மணி நேர ஷிஃப்டை யு.எஸ். ஸ்டீல் கைவிட 1923 ஆயிற்று. கேரிக்கு ஏறக்குறைய இரட்டைப் பிள்ளை நம் ஜாம்ஷெட்பூர்: 1907-ல் தொடங்கிய டாடா கம்பெனி, அமெரிக்க எஞ்சினியர்கள், பிட்ஸ்பர்க்காரர்கள் போட்ட நகரத் திட்டம். அங்கே 1912-லேயே 8 மணி நேர வேலை வந்துவிட்டது. ஆக, 'அந்தக் காலம் அப்படி' என்று கேரிக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

இப்போதும் கேரிக்குக் காமிராவோடு ஆட்கள் வருகிறார்கள். புதிசாகக் கட்டுவதை எடுக்க அல்ல, இடிந்ததை எடுக்க. 1960-ல் 1,78,320 பேர் இருந்த ஊர், 2020-ல் 69,093 ஆகிவிட்டது. ஆலை ஓடுகிறது, ஆட்கள்தான் அத்தனை தேவையில்லை. 2025-ல் யு.எஸ். ஸ்டீலையே ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கிவிட்டது. கம்பெனியும் பணம் கொடுத்து 1926-ல் எழுப்பிய மெதடிஸ்ட் தேவாலயம், 1975-ல் மூடப்பட்டு, கூரை போய் நிற்கிறது. உடைந்த வளைவு வழியாக வெளிச்சம் விழ, பிரமாதமான படங்கள் கிடைக்கும். அவற்றிலும் ஆள் கிடையாது.

விசித்திரம் இதுதான். கட்டும்போது எடுத்தவர்கள், 'இங்கே யாரும் இல்லை, நாங்கள்தான் வந்தோம்' என்றார்கள். இடிந்தபின் எடுப்பவர்கள், 'எல்லாரும் போய்விட்டார்கள், நாங்கள்தான் வந்தோம்' என்கிறார்கள். இரண்டும் பார்க்க அழகு; இரண்டும் பாதிப் பொய். நடுவில் நூறு வருஷமாக அங்கே கல்யாணம் நடந்திருக்கிறது, சண்டை நடந்திருக்கிறது, சின்ன வீட்டில் ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கிரேன் டிரைவர் பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார். 69,000 பேர் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். யாருமே இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த தடவை அணை, ஆலை, புதிய நகரம் என்று எந்தப் பிரமாண்டத்தின் பழைய போட்டோ கையில் கிடைத்தாலும், கட்டடத்தை அப்புறம் பாருங்கள். ஓரத்தில் அளவுக்காக நிறுத்திவைத்த அந்த ஆளை முதலில் பாருங்கள். பேர் தெரியாது, பரவாயில்லை. கட்டியது அவர்தான்.