காதில் இருப்பது யார் கணக்கில்?

"இண்டைக்கு ஏன் பரந்தன் சந்தியில அவ்வளவு நேரம் நிண்டனீ?"

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் இப்படிக் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா விறைத்துப் போனாராம். ஊரில் யாரோ வேவு பார்த்துச் சொல்லுகினம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து, போன வருசம் அண்ணன் கொடுத்தனுப்பிய வெள்ளை இயர்பட்ஸை என் மேசையில் வைத்தார். "தம்பி, இதுக்குள்ள ஜிபிஎஸ் இருக்காம், உண்மையே?"

இல்லை. கச்சான் பருப்பளவு பட்டரியை வைத்துக்கொண்டு ஜிபிஎஸ் ஓட்ட முடியாது. உள்ளே இருப்பது புளூடூத் மட்டும். அண்ணன் தான் பாவித்ததைத் துடைத்து அனுப்பியிருக்கிறார், தன் கணக்கிலிருந்து நீக்க மறந்துவிட்டார். சந்தியால் போன சிலரின் போன்கள் அந்தப் புளூடூத் குரலைக் கேட்டு, தாம் நிற்கும் இடத்தை மறைகுறியாக்கி மேலே அனுப்ப, தொலைந்த பொருளைத் தேடும் செயலியை வேறு எதற்கோ திறந்த அண்ணனின் வரைபடத்தில் பரந்தன் ஒரு புள்ளியாக விழுந்திருக்கிறது. அறியாத கருவி ஒன்று கூடவே வருகிறது என்று அக்காவின் போனில் எச்சரிக்கையும் வந்திருக்கிறது. "இங்கிலீஷில ரெண்டு தரம் என்னவோ வந்தது, தள்ளி விட்டிட்டன்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு என் காதில் இருப்பதைச் சும்மா விட மனம் வரவில்லை. ஒரு வாரம் சோதித்தேன். கையில் இரண்டு சோடி: கிளிநொச்சிக் கடையொன்றில் 4,500 ரூபாய்க்கு வாங்கிய பெயரில்லாதது ஒன்று, மச்சானிடம் இரவல் வாங்கிய, பெயரும் விலையும் உள்ளது மற்றது. இவற்றை வேவு பார்க்க என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவசச் செயலி. நோர்வேயின் நோர்டிக் செமிகண்டக்டர் நிறுவனம் பொறியியலாளர்களுக்காகச் செய்தது.

செயலியைத் திறந்து ஸ்கேன் என்பதைத் தட்டினால் சுற்றியுள்ள புளூடூத் பொருட்கள் வரிசையாக வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் 12 எழுத்து இலக்கங்கள் கொண்ட ஒரு முகவரி, பக்கத்தில் சைகையின் பலம். -45 என்றால் கைக்கெட்டும் தூரம், -90 என்றால் சைகை அறுந்துபோகும் தூரம். அன்ட்ரொயிட் போனில்தான் பார்க்க வேண்டும். ஐபோன் உண்மையான முகவரியைச் செயலிகளுக்குக் காட்டாது. திரையில் தமிழ் இல்லை, விளக்கமும் இல்லை. முதல் நாள் எனக்கே தலை சுற்றியது. ஆனாலும் பத்து நிமிடம் பழகினால் போதும், ஏனென்றால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த முகவரி மாறுகிறதா, மாறாமல் நிற்கிறதா?

ஒழுங்காகச் செய்த கருவி ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் முகவரியை மாற்றிக்கொள்ளும். மச்சானுடையது அப்படித்தான் நடந்துகொண்டது. என்னுடைய 4,500 ரூபாய்க்காரன் திங்கட்கிழமை கிளிநொச்சி பஸ் நிலையத்தில் என்ன முகவரி சொன்னானோ, அதையே வெள்ளிக்கிழமை புதுக்குடியிருப்பிலும் சொன்னான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதும் வாய் மூடவில்லை. இரணைமடுக் குளக்கட்டில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு நடந்தேன். நாற்பது அடி எடுத்து வைத்தும் பட்டியலில் நின்றான். பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகுதான் அடங்கினான்.

இது மலிவுச் சாமானின் வியாதி மட்டும் அல்ல. 2021இல் ஒஸ்லோவில் ஒரு மாணவர் சைக்கிளில் 12 நாட்களில் 300 கிலோமீற்றர் ஓடி, வழியெல்லாம் புளூடூத் சைகைகளைச் சேகரித்தார். பேர்பெற்ற நிறுவனங்களின் ஹெட்போன்களே மாறாத முகவரியோடு திரிந்ததை நோர்வேயின் அரச ஒலிபரப்பான என்ஆர்கே வெளியிட்டது. அந்த மாணவர் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை. காற்றில் வந்ததைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒஸ்லோவுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சோதனையில் எனக்கு உறைத்ததும் அதுதான். கிளிநொச்சி பஸ் நிலையத்தில் பின்னேரம் ஸ்கேன் செய்தபோது நாற்பதுக்கு மேல் வந்தன. அந்த நெரிசலில் என் முகவரி ஒரு துரும்பு. ஒட்டுசுட்டான் வீதியில் காலை ஆறரைக்கு வந்தவை மூன்று. இரண்டு என்னுடையவை. மூன்றாவது யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்குச் செயலி தேவைப்படவில்லை, வீதியில் என்னைத் தவிர ஒருவர்தான் நின்றார். முகவரி மாறாததென்றால், ஒருநாள் அப்படிக் கண்டு வைத்தால் போதும், பிறகு மதிலுக்குப் பின்னாலிருந்தே ஆள் வந்ததையும் போனதையும் குறிக்கலாம்.

ஆனால் சனம் குறைந்த இடத்தில் மற்றப் பக்கமும் இருக்கிறது. கூகிளின் தேடும் வலையமைப்பு, வழக்கமான அமைப்பில் விட்டால், ஆள் நடமாட்டம் கூடிய இடங்களிலேயே வேலை செய்யும். பல போன்கள் ஒரே பொருளைக் கண்டால்தான் இடத்தைச் சொல்லும். ஆகவே வரைபடத்தில் புள்ளி விழும் ஆபத்து ஏ9 வீதியில், வவுனியா நகரில் கூட. முத்தையன்கட்டுப் பக்கம் கிட்டத்தட்ட இல்லை. அங்கே பயப்பட வேண்டியது ரொறன்ரோவுக்கு அல்ல, அடுத்த வளவுக்கு.

விலை கூடினதை வாங்கினால் தப்பலாம் என்றும் சொல்ல முடியாது. 2026 ஜனவரியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'விஸ்பர்பெயார்' என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். பெட்டியைத் திறந்ததும் போன் திரையில் குதித்து வருமே, கூகிளின் ஃபாஸ்ட் பெயார், பிழை அதைச் செயற்படுத்திய விதத்தில். சோனி, ஜேபிஎல், ஜப்ரா, ஷவோமி என்று பத்து நிறுவனங்களின் மொடல்கள் அகப்பட்டன. இணைக்கும் நிலையில் இல்லாத இயர்பட்ஸைக்கூட 14 மீற்றர் தூரத்தில் நின்று சில வினாடிகளில் இன்னொருவர் தன்னுடன் இணைத்துவிடலாம். கூகிளின் தேடும் வலையமைப்பில் சேரக்கூடிய இயர்பட்ஸ், அதுவரை எந்தக் கூகிள் கணக்கிலும் பதியாமல் இருந்தால், வந்தவரே உரிமையாளர் ஆகிவிடுவார். ஐபோனோடு மட்டும் பாவிப்போர் இதில் வசமாக மாட்டுவார்கள். எச்சரிக்கை வந்தாலும் அது உங்கள் சொந்த இயர்பட்ஸையே காட்டும். போன் பிழை விடுகிறது என்று நீங்களும் தள்ளிவிடுவீர்கள், அக்கா மாதிரி.

என் பெயரில்லாதவனுக்கு ஃபாஸ்ட் பெயாரே கிடையாது, அதனால் இந்த ஓட்டையும் இல்லை. மச்சானுடையது முகவரியை ஒழுங்காக மாற்றுகிறது, ஆனால் ஓட்டையை அடைக்க அதன் மென்பொருளைப் புதுப்பித்தே ஆகவேண்டும். புதுப்பிப்பு வருவது நிறுவனத்தின் செயலி வழியாக. அந்தச் செயலியை வாங்கிய நாளிலிருந்து மச்சான் திறந்ததே இல்லை. ரீசெட் செய்தால் பழைய இணைப்புகள் போகும், ஓட்டை போகாது.

அந்தச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவிய உடனே இருப்பிட அனுமதி கேட்கும். முன்பு அன்ட்ரொயிட்டில் புளூடூத் தேடவே அந்த அனுமதி தேவைப்பட்டது. 2021இல் வந்த அன்ட்ரொயிட் 12இலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி இருக்கிறது. பாட்டின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் செயலிக்கு நான் இரணைப்பாலையில் நிற்பது எதற்கு? மறுத்தேன். இரண்டு சோடியுமே வழக்கம்போல வேலை செய்தன.

என்ஆர்எஃப் கனெக்டை முழுவதும் நம்பவும் வேண்டாம். அது குறைந்த மின்சக்திப் புளூடூத்தை மட்டும் பார்க்கும். பழைய முறையில் மட்டும் பேசும் ஹெட்செட் பட்டியலில் வராது, வராததால் பாதுகாப்பு என்று ஆகாது. ஏர்டேக் போன்ற தேடும் குறிகளை உங்கள் பையில் யாராவது போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஏர்கார்ட் செயலி பரவாயில்லை. அதற்கும் முன்னால் போனிலேயே உள்ள அறியாத டிராக்கர் எச்சரிக்கையைத் திறந்து ஒருமுறை கையால் ஸ்கேன் செய்யுங்கள். அன்ட்ரொயிட் 6 அல்லது அதற்கு மேல் உள்ள போன்களில் 'பாதுகாப்பும் அவசரமும்' என்ற பகுதியில் இருக்கிறது. ஐபோன் என்றால் 17.5 பதிப்பாவது இருக்க வேண்டும்.

இங்கே வன்னியில் இருப்பிடத்தைக் கண்காணிப்பது என்றாலே மனதில் வருவது வேறு. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், புலனாய்வாளர்கள் தங்களைப் பின்தொடர்வதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அப்படியான நிலையில் உள்ளவருக்கு நான் நேராகச் சொல்வது, இயர்பட்ஸ் உங்கள் முதல் கவலை அல்ல. சிம் போட்ட போன் எந்தக் கோபுரத்தடியில் நிற்கிறது என்பது எப்போதும் பதிவாகிறது, அதைக் கேட்டு வாங்கக் கூடியவருக்கு இயர்பட்ஸ் வேண்டியதில்லை. போகும் இடம் தெரியக்கூடாது என்றால் போனையே வீட்டில் விடவேண்டும். இயர்பட்ஸ் வழியாகத் தேடுவது பெரும்பாலும் தெரிந்தவர்தான்: சந்தேகப்படும் புருசன், விட்டுப்போன காதலன், பரிசு கொடுத்தவர்.

என் தீர்ப்பு இதுதான். மச்சானுடையதை மென்பொருள் புதுப்பித்து, ஐபோன்காரராக இருந்தாலும் ஒரு தரம் சொந்தக் கூகிள் கணக்குள்ள அன்ட்ரொயிட்டில் இணைத்துவிட்டால், தைரியமாகப் பாவிக்கலாம். 4,500 ரூபாய்க்காரன் வீட்டுக்குள் பாட்டுக் கேட்க நல்லவன், தனியே போகும் வீதிக்கு உதவான். வயர் போட்ட பழைய ஹெட்போனுக்கு முகவரியே கிடையாது. கடையில் இப்போதும் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நான் காலை நடைக்கு அதற்கே திரும்பிவிட்டேன்.

அக்காவுடையதைப் பெட்டியின் பட்டனை அழுத்தி ரீசெட் செய்து பார்த்தேன். கணக்கு அசையவில்லை. அன்றிரவு அண்ணன் ரொறன்ரோவில் தன் செயலியைத் திறந்து 'நீக்கு' என்பதைத் தட்டிய பிறகுதான் விட்டது. வெளிநாட்டில் இருந்து பார்சல் கட்டும் உறவுகளே, துடைத்து மட்டும் அனுப்பாதையுங்கோ. உங்கட கணக்கில இருந்து நீக்கிப்போட்டு அனுப்புங்கோ.