வெங்காயத்தை நேசிப்பவர்

டி.வி.யில் தமிழில் டப் செய்யப்பட்ட ஒரு சமையல் நிகழ்ச்சி. வெள்ளைக்காரச் சமையல்காரர் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து, ‘நான் வெங்காயத்தை மிகவும் நேசிக்கிறேன்’ என்றார். சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார். ‘நேசிக்கிறவர் ஏன் நறுக்கறாராம்?’ என்றாள் என் மனைவி.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது, ‘ஐ லவ் ஆனியன்ஸ்.’ அதில் ஒரு தப்பும் இல்லை. ஆங்கிலத்தில் ‘லவ்’ தினப்படி உடுத்துகிற கைலி மாதிரி. சட்டை, மழை, பக்கத்து வீட்டு நாய் எதற்கும் வரும். இங்கிலாந்தின் வடக்கே கடைக்காரம்மா முன்பின் தெரியாத உங்களை ‘லவ்’ என்று கூப்பிட்டுத்தான் சில்லறை தருவார். டென்னிஸில் அதற்கு மதிப்பு பூஜ்யம்.

மில்டன் கிளேசர் எழுபதுகளில் நியூயார்க்குக்காக ஒரு சின்னம் வரைந்தார். ‘ஐ’, அப்புறம் சிவப்பாக ஓர் இதயம், அப்புறம் ஊர்ப் பெயரின் இரண்டு எழுத்து. டாக்ஸியில் போகும்போது கிறுக்கியது. காசு வாங்கவில்லை. அதற்குப் பின் உலகத்தில் பனியன் விற்கிற ஊரெல்லாம் இதயம்தான். 2003-ல் மெக்டொனால்ட்ஸ் ‘ஐ’ம் லவின் இட்’ என்றது. ‘லவ்’வுக்கு ‘இங்’ போடாதே என்று ரென் அண்ட் மார்ட்டினில் படித்துப் பாஸானவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். பர்கர் விற்றது.

ஆகவே என் புகார் ஆங்கிலத்தின் மேல் இல்லை. அதை அப்படியே தூக்கித் தமிழில் வைக்கிறவர்கள் மேல். விளம்பரம், டப்பிங், பேட்டி, எங்கும் ‘என் வேலையை நேசிக்கிறேன்’, ‘இந்தக் காரைக் காதலிக்கிறேன்.’ வீட்டில் யாராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

நாம் என்ன சொல்வோம்? ‘எனக்குத் தோசை பிடிக்கும்.’ கவனியுங்கள், அதில் ‘நான்’ இல்லை, ‘எனக்கு’. நான்காம் வேற்றுமை. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்குப் புரிகிறது என்கிற வரிசையில்தான் பிடிப்பதும் வருகிறது. நான் முயற்சி செய்து தோசையைப் பிடிக்கவைப்பதில்லை. அது பாட்டுக்கு நேர்கிறது. ‘நேசிக்கிறேன்’ என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு ‘நான்’ வந்துவிடுகிறது. தோசைக்கு அது தாங்காது.

அழுத்தம் வேண்டுமென்றால் அதற்கும் தமிழில் ஏற்பாடு உண்டு. அவனுக்குக் கிரிக்கெட்டுன்னா உயிர். அவளுக்குப் பட்டுன்னா கொள்ளை ஆசை. ‘ஐ’ட் லவ் டு கம், பட்...’ என்று இழுக்கிறார்களே, அதற்கு நம்மிடம் ‘வரணும்னு ஆசைதான்’ இருக்கிறது. அந்தத் ‘தான்’ போதும், வரமாட்டார் என்று புரிந்துவிடும். மெரினாவில் 2021-ல் ஊர்ப் பெயரைப் பெரிதாக வைத்தபோது இதயம் வைக்கவில்லை, ‘நம்ம’ சென்னை என்று வைத்தார்கள். வைத்தவர் தமிழ் தெரிந்தவர்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் இத்தனை தாராளமான ‘லவ்’, தமிழுக்குள் வந்ததும் ஒரே அர்த்தத்தில் சுருங்கிவிட்டது. லவ் பண்றான், லவ் மேரேஜ், லவ் ஃபெயிலியர். அவ்வளவுதான். இதில் அடிபட்டவர்கள் உண்டு. எண்பதுகளில் எங்கள் தெருவில் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்கு ஆபீஸ் சகா வாழ்த்து அட்டை அனுப்பினார். அடியில் ‘வித் லவ்’. அது மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டது. மூன்று நாள் பஞ்சாயத்து. கடைசியில் பெண்ணின் சித்தப்பா, ரிடையரான இங்கிலீஷ் வாத்தியார், தன் அக்காவுக்கு எழுதிய பழைய கடிதங்களைக் கட்டோடு கொண்டுவந்து ‘யுவர் லவிங் பிரதர்’ என்ற கையெழுத்தைக் காட்டினார். கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் மட்டும் அப்புறம் வேலைக்குப் போகவில்லை.

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் பெண்கள் அப்பாவிடம் போனில் பேசி முடிக்கும்போது ‘லவ் யூப்பா’ என்கிறார்கள். அப்பா ஒரு நிமிஷம் தடுமாறி, ‘ஓகே, ஓகே, டேக் கேர்’ என்கிறார். இரண்டு பேருமே இங்கிலீஷுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள். இதை நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘அப்பா, நான் உங்களை நேசிக்கிறேன்’, நாடகம். ‘உங்க மேல பாசம்ப்பா’, அடுத்து பணம் கேட்கப்போகிறாள் என்று தோன்றும். ‘உங்களை எனக்குப் பிடிக்கும்ப்பா’, அம்மாவோடு ஏதோ சண்டை.

அன்பு, பாசம், நேசம், பிரியம், வாஞ்சை என்று அகராதியில் வரிசையாக வைத்திருக்கிறோம். போனை வைப்பதற்கு முன்னால் ஒரு மூச்சில் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது கூச்சமில்லாமல் சொல்கிற வாக்கியம் இருந்தால் எழுதியனுப்புங்கள். அதுவரை அந்த ஓர் இடத்தில் ‘லவ்’ இருந்துவிட்டுப் போகட்டும். வெங்காயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.