மூலிகைப் புத்தகங்கள்

மூலிகைப் புத்தகங்களின் பேரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. செடியின் பெயர், குணம், அளவு எல்லாம் எழுதுவார்கள். யார் சொல்லித் தெரிந்தது என்று மட்டும் எழுதமாட்டார்கள். "நம் முன்னோர்கள்" என்று முடித்துவிடுவார்கள். காரைக்கால் பக்கத்தில் அந்த முன்னோர் ஒரே ஜாதியா என்ன? வயலில் களையெடுக்கிறவள் பொன்னாங்கண்ணியையும் கரிசலாங்கண்ணியையும் தனியே மடியில் கட்டிக்கொள்வாள். நிலத்துக்காரருக்கு எல்லாம் களைதான். பிரசவ மருந்து நாவிதர் குலத்து மருத்துவச்சியின் சொத்து. அவளையோ கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் விட்டார்கள்.

இந்த விஷயத்தில் பழைய 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' நாணயமான புத்தகம். மலையாளக் கரையின் டச்சு அதிகாரி வான் ரேடெ தொகுத்தது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வந்தது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20-இல் தந்த சான்றுரை, அவர் பெயரோடு முதல் பாகத்திலேயே இருக்கிறது. கூடவே மூன்று கொங்கணிப் பிராமணர்களின் சான்றும் உண்டு. ஒரு பெண்ணின் சான்று அதிலும் இல்லை.

காரைக்காலில் ஒரு மருத்துவச்சியின் மகளிடம் தாயாரின் மருந்துகளைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துபோச்சுங்க" என்றாள். மறக்கவில்லை, சொன்னால் ஜாதியும் கூடவே வருமே! 'வழக்கொழிந்தது' என்று வருத்தப்பட்டு எழுதுகிறவர்கள், ஏன் ஒழிந்தது என்று இன்னொரு வரியும் சேர்த்து எழுதலாம்.