புரதத்தின் உறவும் தொழிலும்

அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட மாலையே புரதம். மணிகள் இருபது வகை. அவற்றின் வரிசை தெரிந்தால் அப்புரதம் செய்யும் தொழிலையும் சொல்லிவிடலாம் என்று முன்வரும் கணினிக் கருவிகள் இன்று பல. 1990இல் வெளிவந்த பிளாஸ்ட் அவற்றுள் பெரும்பெயர் பெற்றது. புதிய வரிசையொன்றைக் கொடுத்தால், முன்பே பதிவான வரிசைகளுள் எதனை அது ஒத்திருக்கிறது என்று காட்டும். ஒத்த புரதத்தின் தொழில் எதுவோ அதுவே இதற்கும் என்று ஆராய்வோர் எழுதிக்கொள்வர். ஐயம் எழுவது இவ்விடத்தில்தான்.

கருவி கண்டது உறவு, எழுதப்படுவதோ தொழில். தச்சர் மகன் தச்சனே என்பது போன்ற முடிவு இது. பெரும்பாலும் பொருந்தும், ஆயின் தச்சர் மகன் கிராணியாவதும் உண்டு. வாத்தின் கண்வில்லையில் ஒளி புகும் பொருளாக அமைந்த புரதமொன்று, மற்றத் திசுக்களில் லேக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதியாகப் பணிபுரிகிறது. வரிசை ஒன்று, வேலை இரண்டு. வரிசையை மட்டும் பார்ப்பது கண்ணை எங்ஙனம் அறியும்?

சாஆ வட்டாரத்தார்க்குப் பழகிய செம்பனையும் இதற்குச் சான்று. ஓடு தடித்தது டூரா, ஓடற்றது பிசிபெரா, இரண்டும் கலந்த மெல்லோட்டு வகை தெனெரா. டூராவினும் ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதியாகத் தெனெரா எண்ணெய் தரும். ஓட்டை ஆள்வது ஒரே மரபணு என்பது 1941இலேயே பெல்ஜியக் காங்கோவில் வெளியாயிற்று. அது எந்த மரபணு என்பதை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தாரும் அமெரிக்காவின் ஓரியன் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 2013இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். அதன் வரிசை, அராபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியின் 'சீட்ஸ்டிக்' மரபணுவை ஒத்தது. மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம் இது என்ற குறிப்பு அவ்வொப்புமையால் கிடைத்தது. அதனைக் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயின் அச்சிறுசெடிக்குக் கொட்டையோடே கிடையாது! ஓடு என்னும் செய்தி, மெல்லோட்டு மரத்தின் வழிவந்த பனைகளை வளர்த்து, காய்களை வெட்டி, ஓடு உண்டா இல்லையா என்று மரந்தோறும் குறித்துவைத்தவர்களின் ஏட்டிலிருந்து வந்தது.

இது ஆய்வுக்கூடத்தாரின் சச்சரவு மட்டுமன்று. கன்றின் வகையை நாற்றங்காலிலேயே சொல்லும் மரபணுச் சோதனை இன்று உண்டு. நட்ட பனை 25 ஆண்டு நிற்பது. தவறான கன்றை நட்ட சிறுதோட்டக்காரர் அத்தனை காலமும் நட்டம் சுமப்பார். அச்சோதனை காய் வெட்டிக் கண்ட சான்றின்மேல் எழுந்தது என்பதால்தான் அவர் அதனை நம்பலாம்.

கருவி செய்வோர் இதனை அறியாதவரல்லர். காஃபா என்னும் தேர்வில் கணிப்புகளை முன்னரே எழுதிக்கொடுத்துவிட்டுச் சோதனை முடிவுகளுக்குக் காத்திருந்தனர். 2013இல் வெளியான முதல் தேர்வில் 54 முறைகள் 866 புரதங்களில் சோதிக்கப்பட்டன; புதிய முறைகளுள் சிறந்தவை பழைய ஒப்பீட்டை வென்றன. நேர்மையான ஏற்பாடு.

குறை பதிவேட்டில் இருக்கிறது. ஜீன் ஆன்டாலஜி ஏட்டில் கணினி மட்டும் கூறியதற்கு ஓர் அடையாளமும் சோதனையில் கண்டதற்கு வேறோர் அடையாளமும் இடுகின்றனர். ஒருவர் எடுத்து மற்றொருவர் எழுதும்போது அடையாளம் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. அப்பெயரே அடுத்த புரதத்துக்குச் சான்றாகிறது. பிழை தெரிந்தபின் முதற்பதிவை மாற்றினால் போதாது; அதனைப் பார்த்துப் படியெடுத்த ஏடுகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது.