உடைத்தெறியப்பட்ட யாழ்

1939ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் திறக்கப்பட்ட உலகக் கண்காட்சியில் பதினாறு அடி உயரமுள்ள யாழ்ச் சிற்பம் ஒன்று நின்றது. நரம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு கறுப்பினப் பாடகர்கள் உயரம் படிப்படியாகக் குறைய வரிசையில் நின்று பாடினர். அவர்களுடைய நீண்ட அங்கிகளின் மடிப்புகளே நரம்புகளாயின. இறைவனின் கை யாழின் அடித்தண்டாக நீண்டு அவர்களைத் தாங்கியது. முன்னே ஓர் இளைஞன் மண்டியிட்டு இசைக்குறிப்பை நீட்டினான். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் இயற்றி, கறுப்பின மக்கள் தம் நாட்டுப்பண் எனவே போற்றும் பாடலுக்கு உருவம் தந்த படைப்பு அது. படைத்தவர் அகஸ்டா சாவேஜ் (1892–1962) என்னும் கறுப்பினப் பெண் சிற்பி.

ஒலியைக் கண்ணுக்குக் காட்டுதல் எளிய செயலன்று. பாடுவோரையே கருவியாக்கியதன்வழி, இசை ஒருவர்க்கு உரியதன்று என்பதைச் சாவேஜ் சொல்லின்றி உணர்த்திவிட்டார். மண்டியிடும் இளைஞன் சற்று மிகை எனலாம். வரிசையே பேசிவிட்ட பின் அவன் எதற்கு என்னும் வினா எழவே செய்கிறது. எனினும், இம்மதிப்பீட்டை நிழற்படங்களையும், நினைவுப் பொருளாக விற்கப்பட்ட சிறு உலோகப் படிகளையும் கொண்டே செய்ய வேண்டியுள்ளது. மூலச் சிற்பம் சுண்ணச் சாந்தால் ஆனது. அதை வெண்கலத்தில் வார்க்கவும் பணமில்லை. பாதுகாத்து வைக்கவும் இடமில்லை. 1940இல் கண்காட்சி முடிந்தபின் அது உடைத்தழிக்கப்பட்டது.

உடைந்தது சிற்பம் மட்டுமன்று. அதன்பொருட்டு அவர் ஒரு பதவியையும் இழந்திருந்தார்.

ஃப்ளோரிடா மாநிலத்தில் பிறந்த சாவேஜ், 1923இல் பிரான்சு நாட்டின் கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, நிறத்தைக் காரணமாக்கி அமெரிக்கத் தேர்வுக்குழு அவரை ஒதுக்கியது. அவர் வாளாவிருக்கவில்லை, செய்தித்தாள்கள் வாயிலாக முறையிட்டார். பின்னர் உதவித்தொகை பெற்றுப் பாரிசில் பயின்று திரும்பி, ஹார்லெமில் கலைப்பயிற்சிக் கூடம் நடத்தினார். 1937இல், அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பட்ட ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் முதல் இயக்குநரானார்.

அவர் எத்தகைய நிருவாகி என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். ஜேக்கப் லாரன்ஸ் என்னும் ஏழை இளைஞரை ஓவியராகப் பணியில் சேர்க்க அரசு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றார். அகவை 21 நிரம்பவில்லை என்று திருப்பி அனுப்பினர். அடுத்த ஆண்டு லாரன்ஸ் அதை மறந்தேவிட்டார், சாவேஜ் மறக்கவில்லை. மீண்டும் அழைத்துச் சென்று, பணி வாங்கித் தந்தார். தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றை 60 ஓவியங்களாகத் தீட்டி, 1941இல் லாரன்ஸ் புகழ் எய்தினார். மாணவனின் பிறந்த நாளைக் கணக்கிட்டுக் காத்திருந்த அந்த நினைவாற்றலை எந்த ஆண்டறிக்கையும் பதிவு செய்யாது.

யாழை வடிப்பதற்காகச் சாவேஜ் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தபோது இயக்குநர் இருக்கையில் வேறொருவர் இருந்தார். அவரும் கறுப்பினப் பெண்மணியே. குவெண்டலின் பென்னட் என்னும் கவிஞர். 1941இல் அரசியல் சார்பு பற்றிய ஐயத்தின்பேரில் அவரும் விலக்கப்பட்டார். எனவே, ஒரு பெண்ணின் இடத்தை மற்றொரு பெண் பறித்துக்கொண்டார் என்று கதை கட்டுவது பொருந்தாது. இருவர்க்கும் அளிக்கப்பட்ட பதவிக்கு வேரில்லை என்பதே உண்மை. 1939இல் சாவேஜ் தாமே தொடங்கிய காட்சிக்கூடமும் பொருளின்மையால் விரைவில் மூடப்பட்டது. பின்னர் அவர் சாகர்ட்டீஸ் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்.

திறனாய்வாளர் பலர் இவ்வாழ்க்கையைத் 'தியாகம்' என்னும் ஒரு சொல்லில் அடக்குவர். மாணவர்க்காகத் தம் கலையையே ஈந்தவர் என்பர். (ஆசிரியர்களைப் பற்றியும் இச்சொல் எவ்வளவு எளிதாக வழங்கப்படுகிறது!) தியாகம் என்பது தாமே விரும்பித் தருவது. சாவேஜ் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கற்பித்தலையும் படைத்தலையும் ஒருங்கே செய்ய முயன்றார். விடுப்பு முடிந்து திரும்பும் உரிமையும், சிற்பத்தை வைக்க ஒரு கிடங்கும் இருந்திருப்பின் இரண்டும் நிலைத்திருக்கும். அவை மறுக்கப்பட்டதைத் தியாகம் என்று பாராட்டுவது, மறுத்தவர்களைத் தப்பவிடுவதாகும்.

பிற்காலத்து ஹார்லெமை இதனோடு ஒப்பிடலாம். 1968இல் வாடகை இடத்தில் தோன்றிய ஹார்லெம் ஸ்டூடியோ அருங்காட்சியகத்திற்கு, 1977இல் மேரி ஷ்மிட் கேம்பல் இயக்குநரானார். அவர் காலத்திலேயே, 1982இல், அது 125ஆம் தெருவில் தனக்கென ஒரு கட்டடத்தில் குடிபுகுந்தது. அவருக்குப் பின் கின்ஷாஷா ஹோல்மன் கான்வில், லவரி ஸ்டோக்ஸ் சிம்ஸ், தெல்மா கோல்டன் எனக் கறுப்பினப் பெண்களே தொடர்ந்து பொறுப்பேற்றனர். இவர்களுள் கோல்டன் 2000இல் சிம்ஸுக்குத் துணையாக வந்து, ஐந்தாண்டுகள் உடனிருந்து பணியாற்றிய பின்னரே, 2005இல் இயக்குநரானார். சாவேஜுக்கு அப்படி உடனிருந்து, அவர் யாழ் வடித்த மாதங்களில் இருக்கையைக் காத்துத் திருப்பித் தர எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.